ஜாஸில் வயலின் விருந்தாளி அல்ல

டிரம்பெட், பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் என்று ஒரு குழு. அதோடு இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வாசிக்கப்போகும் உருப்படிக்கு, போலீஸ்காரர் சுட்டுக் கொன்ற ஓர் இளைஞனின் பெயர். இவை மூன்றும் ஒரே மேடையில் சேர்ந்துவிட்டால், ஜாஸ் கேட்பவர்களில் பலர் முதல் சுரம் காதில் விழுமுன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தந்தி வாத்தியங்கள் வந்தால் ஜாஸின் முரட்டுத்தனம் கரைந்து அது வரவேற்பறை இசையாகிவிடுமாம். சமூகப் பிரச்சினை வந்தால் இசை போய்த் துண்டறிக்கைதான் மிஞ்சுமாம். எழுதி வைத்த இசைக்குறிப்பு வந்தால் மனோதர்மம் செத்துப்போகுமாம். மொத்தத்தில் இவையெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டவை, அசல் ஜாஸ் வேறெங்கோ தூய்மையாக இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பைச் சொல்பவர்கள் இசையறிவு இல்லாதவர்கள் அல்லர். பழைய இசைத்தட்டுகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர்கள், யார் எந்த ஆண்டில் யாரோடு வாசித்தார் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். அதனால்தான் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் காக்க நினைக்கும் மரபையே அவர்கள் தவறாகப் படித்திருக்கிறார்கள். ஜாஸில் தந்தி வாத்தியமும் சமூகப் பொருளும் தனித்தனியாக வந்து சேர்ந்த இரண்டு சரக்குகள் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இரண்டும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் கையிலிருந்து வயலினும் செல்லோவும் எப்படிப் பறிக்கப்பட்டன என்பதைத் தெரிந்துகொண்டால், அந்த வாத்தியங்கள் ஜாஸ் குழுவுக்குள் ஒலிப்பதே ஒரு சமூகச் செய்தி என்பது தானாக விளங்கும்.

முதலில், இந்தத் தீர்ப்பு எவ்வளவு பழையது என்று பார்க்கலாம். 1943 ஜனவரி 23ஆம் தேதி நியூயார்க் கார்னகி ஹாலில் டியூக் எலிங்டன் 'பிளாக், பிரவுன் அண்ட் பேஜ்' என்ற நெடும்படைப்பை அரங்கேற்றினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை, அடிமைக்காலத்திலிருந்து தன் காலம் வரை, முக்கால் மணி நேர இசையாகச் சொல்ல அவர் முயன்றார். அதில் 'கம் சண்டே' என்ற பகுதி இருக்கிறது. உழைத்து ஓய்ந்த மக்களின் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு அதன் பொருள். அங்கே ரே நான்ஸ் வயலினை எடுக்கிறார். அவர் அந்தக் குழுவின் டிரம்பெட்காரர். வயலினும் வாசிப்பார், பாடுவார், ஆடுவார். பித்தளை வாத்தியங்கள் எல்லாம் அடங்கி நிற்க, வயலின் தனியே அந்த மெட்டைத் தொடுகிறது. தந்தி வாத்தியம், சமூகப் பொருள், ஜாஸ் மூன்றும் ஒரே உருப்படியில். இது நடந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

விமர்சகர்கள் என்ன செய்தார்கள்? அடித்து நொறுக்கினார்கள். வடிவம் இல்லை என்றார் ஒருவர். ஜாஸுக்காக எவ்வளவோ உழைத்த ஜான் ஹாமண்ட், எலிங்டன் ஜாஸைக் கைவிடுகிறாரா என்ற கேள்வியையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். நடனத்துக்கு வாசிக்கும் வரை நீ மேதை, உன் மக்களின் வரலாற்றைச் சொல்ல வந்தால் எல்லை மீறியவன் என்பதுதான் அதற்குப் பொருள். அந்த வரவேற்பால் மனம் நொந்த எலிங்டன் பிறகு அந்தப் படைப்பை முழுமையாக மேடையேற்றுவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். பகுதி பகுதியாகவே வாசித்தார். இன்றைக்கு 'கம் சண்டே' ஜாஸின் செல்வங்களில் ஒன்று என்பதை யாரும் மறுப்பதில்லை. அன்று ஜாஸைக் கைவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது இன்று ஜாஸின் அடையாளம். அதே குற்றச்சாட்டை இன்று புதியவர்கள் மேல் சுமத்துகிறவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னும் பின்னால் போகலாம். தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களிடையே வயலின் பரவலாக இருந்த வாத்தியம். தன் அடிமை வாழ்வை 1853இல் நூலாக எழுதிய சாலமன் நார்த்தப் வயலின்காரர். அவரைக் கடத்தியவர்கள் வயலின் வாசிக்க வேலை தருவதாக ஆசைகாட்டித்தான் அழைத்துப்போனார்கள். ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸில், அதன் முன்னோடியான பட்டி போல்டனின் காலத்தில், ஊரே மதித்த நடனக் குழு ஜான் ரோபிஷோவுடையது. ரோபிஷோ வயலினைக் கையில் வைத்துக்கொண்டுதான் குழுவை நடத்தினார். அவருக்குப் பின்வந்த ஆர்மண்ட் பிரோனும் வயலின்காரர்தான். மெட்டை முன்னெடுத்துச் செல்லும் வேலை பல குழுக்களில் வயலினுடையதாக இருந்தது.

பிறகு ஏன் மறைந்தது? சத்தம் ஒரு காரணம். பித்தளை வாத்தியங்களும் டிரம்ஸும் ஓங்க ஓங்க, மைக் இல்லாத கூடங்களில் வயலின் கேட்கவில்லை. 1925இல் மின் ஒலிப்பதிவு வரும்வரை ஒரு கூம்புக்குழலின் முன் நின்று வாசித்ததைத்தான் தட்டில் பதித்தார்கள். அதில் வயலினின் மெல்லிய நாதம் சரியாக விழாது. நம் காதில் பதிந்திருக்கும் 'அசல் ஜாஸ்' என்ற ஒலிச் சித்திரமே அந்தக் கூம்புக்குழலால் வடிகட்டப்பட்டது. அதில் விழாமல் போனதை, மரபிலேயே இல்லாதது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒலிபெருக்கி வந்த உடனே ஸ்டஃப் ஸ்மித் தன் வயலினை அதில் இணைத்து, 1936இல் நியூயார்க்கின் 52ஆம் தெருவில் ஓனிக்ஸ் கிளப்பை அதிர வைத்தார். வரவேற்பறை இசை என்று நினைப்பவர்கள் அவருடைய வில் தந்தியைக் கடித்துக் குதறுவதை ஒருமுறை கேட்கட்டும்.

இரண்டாவது காரணம் நிறவெறி. ஜாஸ் வரலாற்றில் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். சிகாகோவில் முறையாகச் செவ்வியல் வயலின் பயின்றவர் எடி சவுத். எந்த ஆர்கெஸ்ட்ராவும் அவரைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. 1937இல் பாரிசில் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடும் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டோடும் சேர்ந்து, பாக்கின் இரட்டை வயலின் கச்சேரியின் முதல் பகுதியை அவர் ஜாஸாக வாசித்துப் பதிவு செய்தார். தனக்கு மூடிய கதவின் முன் நின்று ஒருவன் வாசிப்பதாகவே அதைக் கேட்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

சார்ல்ஸ் மிங்கஸ் ஜாஸின் மாபெரும் பாஸ்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். பாஸுக்கு முன் அவர் வாசித்தது செல்லோ. லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்த அந்தப் பையனுக்குச் செவ்வியல் செல்லோ வாசிக்க ஆசை. கறுப்பனுக்கு அந்த உலகில் இடமில்லை, பாஸ் கற்றுக்கொள் என்று நண்பர் பட்டி கொலெட் சொன்னதும் வாத்தியத்தை மாற்றினார். ரான் கார்ட்டர் கதையும் இதுவே. டெட்ராயிட்டில் செல்லோ பயின்றவர், பிறகு பாஸுக்கு மாறி ரோச்செஸ்டரின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் 1959இல் பட்டம் பெற்றவர். நடத்துநர் லியோபால்ட் ஸ்டொகோவ்ஸ்கி அவர் வாசிப்பைப் பாராட்டிவிட்டு, தன் ஹூஸ்டன் ஆர்கெஸ்ட்ராவின் நிர்வாகம் கறுப்பர் ஒருவரை ஏற்காது என்று சொன்னதைக் கார்ட்டர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு 2,000க்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளில் அவருடைய பாஸ் ஒலித்தது.

ஆக, ஜாஸ் குழுவில் பின்னால் நின்று அடித்தளம் போடும் அந்த டபுள் பாஸிலேயே, மறுக்கப்பட்ட செல்லோ ஒன்று இருக்கிறது. மிங்கஸ் வில்லெடுத்துப் பாஸை மேல்ஸ்தாயியில் பாட வைக்கும் இடங்களில் அந்தப் பையன் விட்டுவந்த வாத்தியம் கேட்கிறது. இது தெரிந்த பிறகு, ஒரு கறுப்பினக் கலைஞர் தன் குழுவில் தந்தி நால்வரைச் சேர்க்கும்போது 'கௌரவம் தேடுகிறார்' என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? அவர் கேட்பது தன் வீட்டுப் பொருளை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று சார்லி பார்க்கரின் தந்தி இசைப் பதிவுகள். 1949 நவம்பர் 30ஆம் தேதி தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் ஏற்பாட்டில் மூன்று வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, ஹார்ப், ஓபோ சூழ பார்க்கர் வாசித்தார். அந்தத் தந்தி எழுத்து ஆழமற்றது என்பதை நான் மறுக்கவில்லை. பார்க்கரின் சாக்ஸஃபோன் 'ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' பாடலில் பறக்கிறது; வயலின்கள் திரைச்சீலைபோல் பின்னால் தொங்குகின்றன. அந்த வயலின்காரர்களிடம் யாரும் மனோதர்மம் கேட்கவில்லை. தாளில் உள்ளதை வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தார்கள். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு தந்தி வாத்தியத்தின் இயல்பே இப்படித்தான் என்று முடிவு கட்டுவது அநியாயம். பார்க்கருக்கோ அந்தப் பதிவுகள்மேல் பெருமை இருந்தது. மேதை கேட்டதும் கிடைத்ததும் வேறாக இருந்தன என்பதுதான் அங்கே உள்ள சோகம்.

கேட்டது கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதை 1980களில் மாக்ஸ் ரோச் காட்டினார். பார்க்கரோடு டிரம்ஸ் வாசித்தவர், பீபாப்பின் தாள மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். தன் ஜாஸ் நால்வரோடு ஒரு தந்தி நால்வரையும் சேர்த்து 'டபுள் குவார்ட்டெட்' என்று நடத்தினார். வயோலா வாசித்தவர் அவர் மகள் மேக்ஸீன் ரோச். அவரும் மற்ற மூன்று கறுப்பினப் பெண்களும் சேர்ந்த அப்டவுன் தந்தி நால்வர் குழு அதில் திரைச்சீலை வேலை பார்க்கவில்லை. தாளத்தை வெட்டினார்கள், சாக்ஸஃபோனோடு எதிர்வாதம் செய்தார்கள், தங்கள் முறை வந்தபோது எழுந்து வாசித்தார்கள். பீபாப்பைக் கண்ணால் பார்த்த மனிதரே இதை ஜாஸ் என்று நினைத்தார். அவரைவிடத் தூய்மையான ஜாஸ் யாரிடம் இருக்கிறது?

தமிழ் வாசகருக்கு இதில் தனியாக ஒரு வார்த்தை. வயலினில் மனோதர்மம் வராது என்று உலகில் வேறு யார் சொன்னாலும் நாம் சொல்லக் கூடாது. 1970களில் சக்தி குழுவில் ஜான் மெக்லாக்லினோடு எல். சங்கர் வாசித்ததையும், 1984இல் எல். சுப்ரமணியம் கிராப்பெல்லியோடு சேர்ந்து பதிந்த தட்டையும் கேட்டவர்களுக்கு அந்தச் சந்தேகமே எழாது.

பில்லி பாங்கின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதம் முழுவதும் அவர் ஒருவருக்குள் அடங்கியிருக்கிறது. 1947இல் அலபாமாவில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர். பள்ளியில் கையில் வயலினைக் கொடுத்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். பின்னர் கட்டாய ராணுவச் சேவையில் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டார். காலாட்படையில் போரைக் கண்ணெதிரே கண்டு, மனம் சிதைந்து திரும்பினார். ஊரில் ஒரு தீவிர அரசியல் குழுவோடு சேர்ந்தார். ஆயுதம் பற்றி அறிந்தவர் என்பதால் துப்பாக்கி வாங்க அவரை அடகுக் கடைகளுக்கு அழைத்துப்போனார்கள். அப்படி ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருந்த வயலினைப் பார்த்து, அதை வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய இசை வாழ்க்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1977இல் கிட்டார்காரர் ஜேம்ஸ் எமரி, பாஸ்காரர் ஜான் லிண்ட்பெர்க் ஆகியோரோடு 'ஸ்ட்ரிங் டிரையோ ஆஃப் நியூயார்க்' குழுவை அவர் அமைத்தார். டிரம்ஸ் கிடையாது, ஊதுவாத்தியம் கிடையாது, தந்திகள் மட்டுமே. ஆனால் போரைப் பற்றி அவர் வாய் திறக்கப் பல காலம் ஆயிற்று. 2001இல் 'வியட்நாம்: தி ஆஃப்டர்மாத்' வந்தபோது, குழுவில் அவரைப்போலவே வியட்நாமில் பணியாற்றிய முன்னாள் வீரர்கள் பலர் இருந்தார்கள். சாக்ஸஃபோன் வாசித்த ஃபிராங்க் லோ, டிரம்ஸ் வாசித்த மைக்கேல் கார்வின், சைகையால் குழுவை வழிநடத்திய புட்ச் மோரிஸ் எல்லோரும் அந்த மண்ணை மிதித்தவர்கள். அதில் ஓர் உருப்படி, டார்ச் விளக்கும் கைத்துப்பாக்கியுமாகச் சுரங்கத்துக்குள் இறங்கும் சிப்பாயைப் பற்றியது. நான்கு ஆண்டு கழித்து வந்த அதன் தொடர்ச்சியான 'வியட்நாம்: ரிஃப்ளெக்‌ஷன்ஸ்' பதிவில் வியட்நாமியப் பாடகி ஒருவரும் அந்நாட்டின் 'டான் டிரான்' என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கும் கலைஞரும் சேர்ந்தார்கள். எதிரியாகச் சுடப்போன நாட்டின் பாட்டை, அந்த நாட்டாரோடு உட்கார்ந்து வாசிக்கிறார்.

இதில் அரசியல் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது, இசை எங்கே முடிகிறது என்று கோடு கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். யாராலும் முடியாது. அந்த வயலின் அவர் கைக்கு வந்த விதமே போரின் விளைவு.

அடுத்து, சமூகப் பொருள் வந்தால் இசை துண்டறிக்கையாகும் என்ற வாதம். 1939இல் பில்லி ஹாலிடே 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடினார். தெற்கில் மரங்களில் தூக்கிலிடப்பட்ட கறுப்பின மக்களைப் பற்றிய பாட்டு. அவருடைய நிறுவனமான கொலம்பியா அதைப் பதிய மறுத்தது, கமடோர் என்ற சிறு நிறுவனம் பதிந்தது. 1959இல் மிங்கஸ், லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைத் தடுக்கப் படையை நிறுத்திய ஆர்கன்சா ஆளுநர் ஃபாபஸை வைத்து ஓர் உருப்படி செய்தார். கொலம்பியா வெளியிட்ட அந்தத் தட்டில் சொற்கள் இல்லை. அடுத்த ஆண்டு கேண்டிட் என்ற நிறுவனத்தில் சொற்களோடு அதை வாசித்தார். அதே ஆண்டு அதே நிறுவனத்தில் மாக்ஸ் ரோச்சும் பாடகி ஆபி லிங்கனும் 'வி இன்சிஸ்ட்' பதிந்தார்கள். அதன் உறையில், கறுப்பர்க்கு மறுக்கப்பட்ட உணவகத்தில் இளைஞர்கள் அமர்ந்து போராடும் காட்சி. ஜாஸின் பொற்காலம் என்று இவர்கள் கொண்டாடும் ஆண்டுகள் இவைதாம். சமூகப் பொருள் அப்போது நடுவீட்டில் இருந்தது. இல்லாததுபோல் தோன்றினால், வாயை அடைத்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும்.

1961இல் டவுன் பீட் இதழில் ஐரா கிட்லர், ஆபி லிங்கனின் 'ஸ்ட்ரெய்ட் அஹெட்' தட்டை விமர்சிக்கும்போது, அவர் கறுப்பராக இருப்பதையே ஒரு தொழிலாக்கிக்கொள்கிறார் என்ற பொருளில் எழுதினார். பெரும் கொந்தளிப்பு எழுந்தது. ரோச், லிங்கன், கிட்லர் முதலியோரை ஒரே மேசையில் உட்காரவைத்து நடத்திய உரையாடலை 1962இல் அந்த இதழே அச்சிட்டது. இன்று சமூகப் பொருள்கொண்ட ஜாஸைப் பற்றி எழுதப்படும் ஏளனங்கள் பலவற்றில் அந்தப் பழைய வாக்கியத்தின் சாடை தெரிகிறது. வெள்ளையர் காதலைப் பற்றி வாசித்தால் அது மனிதகுலத்தின் இசை. கறுப்பர் தன் தெருவில் நடந்த கொலையைப் பற்றி வாசித்தால் அது பிரச்சாரம். இந்தத் தராசு நேர்மையானதல்ல.

சொல் இல்லாத வாத்திய இசை எதையும் சொல்ல முடியாது, தலைப்பு வெறும் ஒட்டுச்சீட்டு என்கிறார்கள் இன்னும் நுட்பமாகப் பேசுகிறவர்கள். 1963 செப்டம்பர் 15ஆம் தேதி பர்மிங்காமில் தேவாலயத்துக்குக் குண்டு வைக்கப்பட்டு நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18ஆம் தேதி, ஜான் கோல்ட்ரேன் 'அலபாமா'வைப் பதிந்தார். மெக்காய் டைனரின் பியானோ கீழ்ஸ்தாயியில் உருண்டுகொண்டே இருக்கிறது. அதன்மேல் சாக்ஸஃபோன், தாளக்கட்டு இல்லாமல், ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துகிறது, இன்னொன்று சொல்லி நிறுத்துகிறது. பேச்சின் நடை அது. பிறகு சாதாரண ஜாஸ் நடை ஒன்று தொடங்குகிறது. ஏதோ வழக்கமான பாட்டாகிவிடும் என்று நம்பும் நேரத்தில் அது நின்றுபோகிறது. மறுபடி அந்தப் பழைய வாக்கியங்கள். கடைசியில் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் அலைபோல் எழுகிறது.

தலைப்பை மறைத்துவிட்டுக் கேட்டாலும் இது துக்கம் என்று தெரியும். தலைப்பைச் சேர்த்தால் யாருக்கான துக்கம் என்று தெரியும். எல்லாத் துக்கமும் யாரோ ஒருவருக்கானதுதான். அந்த யாரோவின் பெயரைச் சொல்வது இசையை எப்படிக் குறைக்கும்? 'வி இன்சிஸ்ட்' தொகுப்பில் 'டிரிப்டிக்' என்ற பகுதியில் ஆபி லிங்கனின் குரலும் ரோச்சின் டிரம்ஸும் மட்டும்தான். ஒரு சொல்கூட இல்லை. நடுப்பகுதியில் அவர் ஒரு நிமிடத்துக்கும் மேலாக அலறுகிறார். துண்டறிக்கை என்று இகழ்பவர்கள் அதில் எந்த வாசகத்தைப் படித்தார்கள்?

இப்போது சமகாலத்துக்கு வருகிறேன். இந்த வகைப் படைப்புகளில் நான் முதலிடம் தருவது வடாடா லியோ ஸ்மித்தின் 'டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்'. மிசிசிப்பி டெல்டாவின் லேலண்டில் 1941இல் பிறந்தவர் ஸ்மித். வளர்ப்புத் தந்தை புளூஸ் கிட்டார்காரர். அதே ஆண்டு பிறந்த எம்மெட் டில் 14 வயதில் அதே டெல்டாவில் கொல்லப்பட்டபோது ஸ்மித்துக்கு 13 வயது. தன் வயதுப் பையன் ஒருவனைத் தன் வட்டாரத்திலேயே கொன்று ஆற்றில் வீசினார்கள் என்று அறிந்து வளர்ந்த ஒருவர், பிறகு அந்தப் பெயரை ஓர் உருப்படிக்கு வைத்தால் அது சந்தர்ப்பவாதமா? 1977இல், மிசிசிப்பியில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸை நினைத்து முதல் பகுதியை எழுதினார். 2011இல்தான் லாஸ் ஏஞ்சலஸில் மூன்று இரவுகளில் முழுத் தொகுதியும் அரங்கேறியது. முப்பத்து நான்கு ஆண்டுகள். மறு ஆண்டு வந்த பதிவு நான்கு தட்டுகள், ஏறத்தாழ நான்கரை மணி நேரம். நாகரிகத்துக்காக அரசியல் பேசுகிறவர் இவ்வளவு காலம் காத்திருப்பாரா?

அதில் ஸ்மித்தின் சிறு குழுவும் சவுத்வெஸ்ட் சேம்பர் மியூசிக் என்ற செவ்வியல் அறையிசைக் குழுவும் வாசிக்கின்றன. டபுள் பாஸ் வாசிப்பவர் பில்லி பாங்கோடு தந்தி மூவரை உருவாக்கிய அதே ஜான் லிண்ட்பெர்க். இங்கே வயலின்கள் இனிப்புத் தடவுவதில்லை. கூரான, ஒன்றோடொன்று உரசும் சுரங்களை நீட்டிப் பிடிக்கின்றன. டிரம்பெட் அதைக் கிழித்துக்கொண்டு நுழைந்து, ஒரே சுரத்தில் நின்று, விலகிவிடுகிறது. ஸ்மித்தின் இசையில் ஒலிக்கு உள்ள அளவு மரியாதை மௌனத்துக்கும் உண்டு. ஒவ்வோர் ஒலிக்கும் அதற்குரிய மௌனம் உண்டு என்பது அவர் இளமையிலேயே வகுத்துக்கொண்ட முறை. மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் தொடங்கிவைத்த பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அந்த எண்ணை அவர் தலைப்பிலேயே வைத்திருக்கிறார். இந்த இசையின் நீளமும் பொறுமையும் அந்த நாட்களின் நீளத்திலிருந்து வருகின்றன. ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

எழுதிய இசை மனோதர்மத்தைக் கொல்லும் என்ற வாதமும் இங்கேயே உடைகிறது. ஸ்மித் 1960களிலிருந்தே வண்ணமும் வடிவமும் கொண்ட தனக்கேயான குறியீட்டு முறையொன்றை வளர்த்துவந்தவர். வாசிப்பவர் அந்த வடிவத்தை ஆராய்ந்து, தானே பொருள் கண்டு வாசிக்க வேண்டும். இவர் வளர்ந்த இடம் 1965இல் சிகாகோவில் கறுப்பினக் கலைஞர்கள் தாங்களே தொடங்கிய ஏ.ஏ.சி.எம். அமைப்பு. கிளப் முதலாளி கேட்பதை வாசிக்காமல், சொந்தப் படைப்புகளை மட்டும் வாசிப்பது என்று முடிவெடுத்தவர்கள். அதிலிருந்து வந்த வயலின்காரர் லெராய் ஜென்கின்ஸ், சிரோனோடும் ஜெரோம் கூப்பரோடும் சேர்ந்து 1971இல் ரெவல்யூஷனரி என்சாம்பிள் குழுவை நடத்தி, மறு ஆண்டே 'வியட்நாம்' என்று ஒரு தட்டைக் கொண்டுவந்தார். குழுவின் பெயரே புரட்சி. முன்னணி வாத்தியம் வயலின். வாசித்தது முழுக்க மனோதர்மம். எதிர்த்தரப்பின் கட்டங்களில் இந்தக் குழுவை எங்கே உட்காரவைப்பார்கள்?

மிச்சமிருப்பது, இதெல்லாம் நல்கைக்காகவும் பரிசுக்காகவும் செய்யப்படுபவை என்ற குற்றச்சாட்டு. டிக்கெட் விலையும் கூடங்களின் தன்மையும் சாமானியரை விலக்கிவைக்கின்றன என்றால், அதை ஒப்புக்கொள்கிறேன். அது மாற வேண்டும். ஆனால் அந்தக் குறை எல்லாச் செவ்வியல் மேடைக்கும் உரியது. பீத்தோவன் வாசிப்பதற்கு வாங்கும் நிதியில் யாரும் குற்றம் காண்பதில்லையே. 1965இல் எலிங்டனுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கப் புலிட்சர் நடுவர்கள் பரிந்துரைத்தபோது வாரியம் மறுத்தது. கொடுக்காதபோது தகுதியில்லை என்றார்கள். 'டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்' 2013இல் இறுதிப்பட்டியலுக்கு வந்ததும், அதில் பியானோ வாசித்த ஆன்டனி டேவிஸ் 2020இல் பொய் வழக்கில் சிறைசென்ற ஐந்து சிறுவர்களைப் பற்றிய ஆப்பராவுக்காகப் பரிசு பெற்றதும், பரிசுக்காக எழுதுகிறார்கள் என்கிறார்கள்.

இளையவர்களும் இதே வழியில் வருகிறார்கள். ஓக்லாந்தில் பிறந்த ஆம்ப்ரோஸ் அகின்முசிரே, அதே ஊரின் ரயில் நிலையத்தில் 2009 புத்தாண்டன்று போலீசாரால் கொல்லப்பட்ட ஆஸ்கர் கிராண்டுக்காக வாசித்தார். 2018இல் 'ஒரிகாமி ஹார்வெஸ்ட்' பதிவில் மிவோஸ் தந்தி நால்வரையும் ஒரு ராப் கலைஞரையும் தன் டிரம்பெட்டோடு மோதவிட்டார். தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்த விஜய் ஐயர் மூன்று வயதிலிருந்து வயலின் பயின்று, பியானோவைக் கேள்வி ஞானத்தால் கற்றவர். தந்தி நால்வருக்கு 'மியூட்டேஷன்ஸ்' எழுதினார். ஃபிளிண்ட் நகரத்தில் நஞ்சான குடிநீர் குடித்த குழந்தைகளுக்காக ஓர் உருப்படி செய்தார். இவர்கள் எல்லோரையும் ஜாஸின் எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டு உள்ளே யாரை வைத்திருக்கப் போகிறோம்?

ஸ்மித் நிற்கவில்லை. 2022இல், எண்பது வயதில், தன் பன்னிரண்டு தந்தி நால்வர் படைப்புகளை ஏழு தட்டுகளாக ரெட்கோரல் குழுவைக் கொண்டு வெளியிட்டார். அவற்றில் ஒன்பதாவதில் நான்கு பகுதிகள். நான்குக்கும் நான்கு கறுப்பினப் பெண்களின் பெயர்கள். மா ரெய்னி, மரியன் ஆண்டர்சன், ரோசா பார்க்ஸ், ஏஞ்சலா டேவிஸ். புளூஸ் பாடியவர், கூடம் மறுக்கப்பட்டு லிங்கன் நினைவகத்தின் முன் பாடியவர், பேருந்தில் எழ மறுத்தவர், சிறை சென்று வழக்கில் விடுதலை பெற்றவர். இந்த நால்வரின் பெயரால் ஒலிப்பவை இரண்டு வயலினும் ஒரு வயோலாவும் ஒரு செல்லோவும். மிசிசிப்பியில் புளூஸ் கேட்டு வளர்ந்தவர் எழுதிய இசை இது. இதை ஜாஸின் கணக்கில் சேர்க்க மறுப்பவர்கள், கணக்கிலிருந்து எலிங்டனையும் மிங்கஸையும் ரோச்சையும் சேர்த்தே அடிக்க வேண்டியிருக்கும்.